கடைக்குள் மணிபிளாண்ட்: வணிக அன்பர்கள் கவனத்திற்கு

நமது சங்க இதழில் ஜி.எஸ்.டி. பற்றியும், உணவுப் பாதுகாப்பு உரிமம் புதுப்பிப்பது பற்றியும், தராசு முத்திரை பற்றியும் படித்துப் பழகிய அன்பர்களுக்கு, செடி வளர்ப்பு பற்றி ஒரு கட்டுரை வருவது வியப்பாக இருக்கலாம். அடியேன் தோட்டக்கலை படித்தவனல்ல. பள்ளிப் படிப்போடு நிறுத்திவிட்டு, அம்பகரத்தூரில் தகப்பனாரின் மளிகை மொத்தக் கடையில் உட்கார்ந்தவன். ஆனால் திருநள்ளாற்றிலிருந்து காரைக்கால் வரை நான் சரக்குப் போடும் கடைகளில் பெரும்பாலானவற்றில், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு பாட்டில் தண்ணீரில் மஞ்சள் வரி போட்ட இலைகளோடு ஒரு கொடி நிற்பதைப் பார்க்கிறேன். அதில் பாதி உயிரோடு இருக்கிறது. மீதி பேருக்கு இருக்கிறது. என் கடையிலும் ஒன்று இருந்தது. அதனால் எனக்கு வந்த சங்கடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2017ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். தமிழ்நாடெங்கும் டெங்குக் காய்ச்சல் பரவிய வருடம் அது என்பது அன்பர்களுக்கு நினைவிருக்கும். எங்கள் பக்கமும் பயம் இருந்தது. ஒரு நாள் காலை சுகாதாரப் பணியாளர்கள் இருவர் கடைக்கு வந்தார்கள். பின்கட்டில் டயர், தேங்காய் ஓடு, உடைந்த வாளி ஏதும் கிடக்கிறதா என்று பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. நான் நிம்மதியாக இருந்தேன். போகிற வழியில் அந்தப் பெண்மணி கல்லாவின் மேலிருந்த நன்னாரி சர்பத் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஐயா, இது என்ன?"

"மணிபிளாண்ட் அம்மா."

"அது தெரியுதுங்க. உள்ளே நெளியறது என்ன?"

வெள்ளைப் பிளாஸ்டிக் கப்பில் ஊற்றிக் காட்டினார். பத்துப் பன்னிரண்டு புழுக்கள் தலைகீழாகத் தொங்கி நெளிந்தன. எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஏனென்றால் அதற்கு இரண்டு வாரம் முன்புதான் எங்கள் கடைப் பையன் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்திருந்தான். டெங்கு என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவனைக் கடித்த கொசு அந்தப் பாட்டிலில்தான் பிறந்தது என்று நான் சாதிக்க முடியாது. பிறக்கவில்லை என்றும் சாதிக்க முடியாது. தினமும் அந்தக் கல்லாவுக்கு எதிரில் நின்று பொட்டலம் மடித்தவன் அவன்தான்.

அன்றைக்கே அந்தக் கொடியைத் தூக்கி எறிந்திருக்கலாம். வீட்டில், "பச்சையாக இருப்பதை எறியக்கூடாது" என்று தடுத்துவிட்டார்கள். சரி, வளர்ப்பதென்றால் ஒழுங்காக வளர்ப்போம் என்று அதன்பின் விசாரித்தும், படித்தும், நான்கைந்து கொடிகளைச் சாகடித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கொடியின் பூர்வீகம் நம் நாடல்ல. பசிபிக் சமுத்திரத்தில் தாஹிட்டி தீவுக்குப் பக்கத்தில் மொரேயா என்று ஒரு சிறு தீவு. அங்கேதான் இது இயற்கையாக இருந்தது என்று தாவர நூலார் சொல்கிறார்கள். தாஹிட்டியும் மொரேயாவும் இன்றும் பிரெஞ்சு ஆளுகையில் இருப்பவை. நம் காரைக்காலும் 1954 நவம்பர் 1ஆம் தேதி வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்ததுதான். ஆக இந்தக் கொடியும் நாமும் ஒரு காலத்தில் ஒரே கொடியின் கீழ் இருந்தவர்கள்! 1880இல் இதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார்கள். அதன்பின் இரண்டு மூன்று தடவை பெயரை மாற்றி, 1964இல் எபிப்ரெம்னம் என்ற இனத்தில் சேர்த்தார்கள். முதலில் வைத்த போத்தோஸ் என்ற பெயரைத்தான் வெளிநாடுகளில் இன்றும் சொல்கிறார்கள்.

நம் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி இதன் உறவுமுறையைச் சொல்கிறேன். கருணைக்கிழங்கு, சேனைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு ஆகியவை எந்தக் குடும்பமோ அதே குடும்பம் இது. நாட்டு மருந்துக் கடைகளில் வில்லை வில்லையாகக் காய்ந்து வரும் ஆனைத்திப்பிலியும் இதற்குப் பங்காளிதான். இலை வெற்றிலை போல இருக்கிறதே தவிர, வெற்றிலைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வெற்றிலை மிளகுக் குடும்பத்தைச் சேர்ந்தது.

கருணைக்கிழங்கு நறுக்கினால் கை ஏன் அரிக்கிறது என்பது நமக்குத் தெரியும். அந்த அரிப்பைத் தரும் கால்சியம் ஆக்சலேட் என்ற ஊசி போன்ற பொடிக் கற்கள் மணிபிளாண்டின் இலையிலும் தண்டிலும் இருக்கின்றன. குழந்தை ஒரு இலையைப் பிய்த்து மென்றால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும், எச்சில் ஒழுகும். நாய், பூனைக்கும் அப்படியே. உயிருக்கு ஆபத்து என்று பயமுறுத்த விரும்பவில்லை. ஆனாலும் மென்ற இலையைத் துப்பச் செய்து, வாயைக் கழுவிவிட்டு, டாக்டரிடம் காட்டிவிடுவதுதான் சரி. மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்தில் தொங்கவிடுவதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். மிட்டாய் வாங்க வரும் பிள்ளையின் கை முதலில் எட்டுவது அந்த இலைக்குத்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். "வாங்கும்போது மஞ்சளும் பச்சையுமாக ஜோராக இருந்தது, இப்போது வெறும் பச்சையாகப் போய்விட்டது, ராசி போய்விட்டதா?" என்று ஒரு சில்லறைக் கடைக்காரர் என்னிடம் கேட்டார். ராசி போகவில்லை, வெளிச்சம் போய்விட்டது.

இலையின் பச்சைப் பகுதிதான் வெளிச்சத்தை வைத்துச் செடிக்குச் சாப்பாடு தயாரிக்கிறது. மஞ்சள் அல்லது வெள்ளைப் பகுதியில் அந்தப் பச்சையம் மிகக் குறைவு. அது உட்கார்ந்து சாப்பிடும் பங்காளி. வெளிச்சம் தாராளமாக இருக்கும்போது செடி அந்தப் பங்காளியையும் வைத்துக் காப்பாற்றும். இருட்டு மூலையில் வைத்தால் வருமானம் குறைகிறது. அப்போது புதிதாக வரும் இலைகளில் பச்சை கூடுகிறது, மஞ்சள் குறைகிறது. கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, இலை சிறுத்துக் கொடி நூலாக ஓடும். இதைப் பார்த்துவிட்டு, "நன்றாக ஓடுகிறது" என்று நாம் சந்தோஷப்படுகிறோம். அது வளர்ச்சியல்ல, வெளிச்சத்தைத் தேடி அலைவது.

வெளிச்சம் போதுமா என்று பார்க்க நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான். பகல் பன்னிரண்டு மணிக்கு விளக்குகளை அணைத்துவிட்டு, செடி இருக்கும் இடத்தில் பேரேட்டைப் பிடித்துப் பாருங்கள். கண்ணைச் சுருக்காமல் எண்களைப் படிக்க முடிந்தால் அந்த இடம் போதும். முடியாவிட்டால் செடியை வாசல் பக்கம் நகர்த்துங்கள். அதற்காக வெயிலில் வைத்துவிடக்கூடாது. மேற்குப் பார்த்த கடைகளில் பிற்பகல் வெயில் நேராக உள்ளே அடிக்கும். சித்திரை வைகாசியில் இரண்டே நாளில் இலை தீய்ந்து பழுப்புத் திட்டு விழும். முதலில் தீய்வது மஞ்சள் பகுதிதான். காலை வெயில் சிறிது நேரம் பட்டால் கெடுதல் இல்லை. உள்ளே இருட்டான கடையென்றால் டியூப் லைட்டே போதும். ஆனால் செடி அதிலிருந்து ஒன்றிரண்டு அடிக்குள் இருக்க வேண்டும், தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரிய வேண்டும். கடை திறந்திருக்கும் வரை எப்படியும் விளக்கு எரியத்தானே செய்கிறது.

இன்னொன்று. ஒரே கொடியில் ஒரு கிளை நல்ல வரியோடும், ஒரு கிளை முழுப் பச்சையாகவும் வரும். முழுப் பச்சைக் கிளைக்கு வருமானம் அதிகம் என்பதால் அது வேகமாக ஓடி மற்றதை அமுக்கிவிடும். வரி வேண்டுமென்றால், பச்சையாகிப் போன பகுதியை, கடைசியாக வரி தெரிந்த கணு வரை தைரியமாக வெட்டிவிட வேண்டும். பச்சையாகிவிட்ட பழைய இலை திரும்ப மஞ்சளாகாது. இனி வரும் தளிரில்தான் எதிர்பார்க்கலாம். முழு வெள்ளையாக ஒரு கிளை வந்தால் அழகாகத்தான் இருக்கும். அதை மட்டும் வெட்டித் தனியாக வைத்துவிடாதீர்கள், பிழைக்காது. சம்பாதிப்பவனே இல்லாத வீடு அது. வெள்ளையும் பச்சையுமாகப் பளிங்கு போல வரும் ரகம் நர்சரிகளில் கிடைக்கிறது. மஞ்சள் ரகத்தைவிட அது மெதுவாகத்தான் வளரும். அதற்கு வெளிச்சமும் கூடுதலாக வேண்டும்.

பதியன் போடுவது சுலபம். கணு இருக்கிற தண்டாகப் பார்த்து, கணுவுக்குக் கீழே ஒரு விரற்கடை விட்டு வெட்டிக்கொள்ளுங்கள். வேர் கணுவிலிருந்துதான் வரும். வெறும் இலையைக் காம்போடு பிடுங்கி வைத்தால் பல நாள் வாடாமல் இருக்கும், ஆனால் கொடி விடாது. என் மைத்துனர் ஆறு மாதம் ஒற்றை இலைக்குத் தண்ணீர் ஊற்றினார்.

தண்ணீர் விஷயத்தில்தான் நம் பகுதிக்காரர்கள் அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். காரைக்கால் கடலோரத்தில் பல இடங்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புத்தான். பாட்டிலில் தண்ணீர் வற்ற வற்ற மேலே மேலே ஊற்றிக்கொண்டே வருகிறோம். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு உள்ளேயே தங்கிச் சேர்கிறது. பாட்டிலின் உள்புறம் வெள்ளையாகக் கோடு படிவது அதுதான். இலை நுனி காய்ந்து பழுப்பாக ஆரம்பித்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றினால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள்; கொதித்தால் உப்புக் கூடுமே தவிரக் குறையாது. மழைத் தண்ணீர் உத்தமம். இல்லாவிட்டால் கடைக்குக் குடிக்க வாங்கும் கேன் தண்ணீரில் ஒரு சொம்பு போதும். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரை வாயகன்ற பாத்திரத்தில் ஒரு இரவு வைத்திருந்து மறுநாள் ஊற்றலாம். வைத்திருக்கும்போது மூடி வைக்கத் துணி கட்டுங்கள்.

துணி எதற்கென்றால், மறுபடியும் கொசுவுக்குத்தான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நம் பாட்டிலில் இருப்பது போன்ற தேங்கிய நல்ல தண்ணீர்தான் அதற்கு வேண்டும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அது பகலில் கடிக்கும் கொசு. காலையிலும், சாயங்காலம் இருட்டுவதற்கு முன்பும் அதிகம் கடிக்கும். அதாவது கடையில் கூட்டம் இருக்கும் நேரமே அதற்கும் வேலை நேரம். பிறந்த இடத்தைவிட்டு வெகுதூரம் பறப்பதும் இல்லை. காய்ச்சலோடு சாமான் வாங்க வந்த ஒருவரைக் கடித்துவிட்டால், சில நாள் கழித்து அடுத்தவருக்குக் கொடுக்கத் தயாராகிவிடுகிறது. அந்த அடுத்தவர் பெரும்பாலும் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாமாகவோ, நம் பையன்களாகவோதான் இருப்போம்.

ஆகவே பாட்டிலில் வளர்ப்பவர்கள் வாரத்துக்கு ஒரு நாள், கிழமை குறித்துக்கொண்டு, தண்ணீரை முழுவதும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாட்டிலின் சுவரில் முட்டையை ஒட்டி வைக்கிறது. அந்த முட்டை காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். பாட்டில் கழுவும் பிரஷால் உள்ளே நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். வேரையும் விரலால் வழித்துக் கழுவுங்கள். பிறகு தண்டைச் சுற்றிப் பாட்டில் வாயைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள். நான் இதற்கு வியாழக்கிழமையை வைத்திருக்கிறேன். திருநள்ளாற்றில் சனிக்கிழமைக் கூட்டம் என்பதால் எங்கள் பக்கம் வெள்ளிக்கிழமை சரக்கு ஏற்றவே நேரம் சரியாக இருக்கும். வாரம் தவறாமல் முடியாது என்கிறவர்கள் பாட்டில் வேண்டாம் என்று முடிவு செய்துவிடலாம். அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

மண் தொட்டிதான் சிறந்தது என்பது இப்போது என் அபிப்பிராயம். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றும் கலந்து, அடியில் ஓட்டை உள்ள சிறு தொட்டியில் வைக்கலாம். நம் வயல் களிமண்ணை மட்டும் போட்டால் இறுகிவிடும், வேருக்குக் காற்றுப் போகாது. தண்ணீர் ஊற்றும் முன், மூட்டைக்குள் கைவிட்டு அரிசியின் ஈரம் பார்க்கிற மாதிரி, விரலை மண்ணுக்குள் ஒரு அங்குலம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரமாக இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம். கடைச் செடிகள் தாகத்தால் சாவதைவிட, ஆளாளுக்கு வந்து ஊற்றுவதால் வேர் அழுகிச் சாவதே அதிகம். இலை ஒவ்வொன்றாக முழு மஞ்சளாகித் துவண்டு விழுந்தால் அது வரி அல்ல, வேர் அழுகுகிறது என்று அர்த்தம். ஒருவரைப் பொறுப்பாளியாக நியமித்துவிட வேண்டும். தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டிலும் தண்ணீர் தேங்கும். அதுவும் கொசுவுக்குத் தொட்டில்தான். தட்டை மணலால் நிரப்பிவிடுங்கள்.

உரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாதம் ஒரு பிடி மண்புழு உரம் தாராளம். யூரியாவைக் கிள்ளிப் போடுகிற வழக்கம் வேண்டாம், வேர் வெந்துவிடும். பாட்டிலில் அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினால் மூன்றாம் நாள் நாற்றம். டீத்தூள் சக்கையில் சர்க்கரை இருந்தால் எறும்பு வரும். மளிகைக் கடையில் எறும்பை விருந்துக்கு அழைப்பது புத்திசாலித்தனமா?

நம் கடைகளில் மட்டும் உள்ள ஒரு தொல்லை, தூசி. மிளகாய்த்தூள், கோதுமை மாவு, சாக்கு உதறும் தூசி எல்லாம் இலைமேல் படிந்து வெளிச்சத்தை மறைக்கும். தண்ணீர் மாற்றுகிற நாளிலேயே ஈரத்துணியால் இலையின் இருபுறமும் துடைத்துவிடலாம். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள்; எண்ணெயில் தூசி இன்னும் ஒட்டும். கணுக்களில் வெள்ளைப் பஞ்சு போல மாவுப்பூச்சி வந்தால், சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுக்க வேண்டும். உணவுப் பொருள் விற்கும் இடத்தில் பூச்சிமருந்து அடிக்கவே கூடாது. அவ்வளவு முற்றிவிட்டால் செடியைக் கழித்துவிடுவது மேல்.

நம்பிக்கைகள் பற்றியும் இரண்டு வார்த்தை. திருடி வைத்தால்தான் வளரும் என்கிறார்கள். இந்தக் கொடி பூப்பது மிக மிக அபூர்வம். பூக்கத் தேவையான ஜிப்ரெல்லின் என்ற சத்தைச் செடி தானாக உண்டாக்க முடியாதபடி அதன் மரபணுவில் ஒரு குறை இருப்பதை 2016இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டியது. பூ இல்லை, விதை இல்லை, எல்லாம் வெட்டி வைத்துப் பெருகியவைதான். காசு கொடுத்து வாங்கினாலும், பக்கத்து வீட்டில் கிள்ளி வந்தாலும் அதே கொடியின் துண்டுதான். அக்னி மூலையில் வைக்க வேண்டும் என்பது இன்னொன்று. கிழக்குப் பார்த்த கடையில் தென்கிழக்கு மூலை வாசல் பக்கம் வரும், காலை வெளிச்சம் கிடைக்கும், செடி பிழைக்கும். மேற்குப் பார்த்த கடையில் அதே மூலை பின்னால் மூட்டை அடுக்குகிற இருட்டில் வரும். சாஸ்திரத்தை விட்டுக் கொடுக்க மனமில்லாதவர்கள் அங்கே ஒரு விளக்காவது போட வேண்டும். கொடி மேல்நோக்கி ஏற வேண்டும் என்று சொல்வதில் மட்டும் விஷயம் இருக்கிறது. தொங்கவிட்டால் இலை சிறியதாகவே இருக்கும். ஒரு குச்சியில் தேங்காய் நார் சுற்றி ஏற்றினால் இலை பெரிதாகும். மரத்தில் ஏறவிட்ட கொடியில் ஒரு இலை மூன்றடி நீளம்கூட வரும்.

காற்றைச் சுத்தம் செய்கிறது என்று சொல்லி விற்பவர்கள் அமெரிக்காவின் நாசா பெயரைச் சொல்வார்கள். 1989இல் அப்படி ஒரு சோதனை நடந்தது உண்மை. ஆனால் அது காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் நடந்தது. 2019இல் இத்தகைய சோதனைகளையெல்லாம் அமெரிக்க ஆய்வாளர்கள் திரட்டிக் கணக்குப் போட்டுப் பார்த்ததில், சாதாரணக் கட்டிடத்தில் கதவு, ஜன்னல் வழியாக மாறும் காற்று செய்கிற வேலையைச் செடி செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடி வரை வேண்டியிருக்கும் என்று வந்தது. மிளகாய் மூட்டை நெடிக்கு வென்டிலேட்டரைத் திறப்பதுதான் வழி.

வெட்டிக் கழித்த கொடியை வாய்க்கால் கரையில் வீசிவிடாதீர்கள். கணு மண்ணில் பட்டால் போதும், பிடித்துக்கொள்ளும். இலங்கையில் கண்டி நகரத்தை ஒட்டிய உடவத்தகலே காட்டில் இந்தக் கொடி இருபது ஹெக்டேருக்கு மேல் படர்ந்து மற்ற செடிகளை மூடிவிட்டது. வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பிறகு குப்பையில் போடுங்கள்.

எங்கள் கடைப் பையன் இப்போது நன்றாக இருக்கிறான். தனியாகக் கடை வைத்துவிட்டான். திறப்பு விழாவுக்குப் போனபோது கல்லாவில் பாட்டில் இருக்கிறதா என்றுதான் என் கண் முதலில் தேடியது. இல்லை. என் கடை வாசல் ஓரத்தில் இப்போது மண் தொட்டியில் நார்க்குச்சி ஏறி நிற்பது அந்தப் பழைய சர்பத் பாட்டில் கொடியேதான். நல்ல வரியுள்ள கணுக்களாகப் பார்த்து வெட்டித் தரச் சித்தமாக இருக்கிறேன். வேண்டும் அன்பர்கள் வியாழக்கிழமை காலையில் வந்தால் கிடைக்கும். பாட்டிலோடு வர வேண்டாம், தொட்டியோடு வாருங்கள்.